ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் உரிமை

நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில், நம் சமூக இளைஞர்களுக்கும் சங்க உறுப்பினர்களுக்கும் பயன்படத்தக்க ஒரு வரலாற்றை இம்மலரில் எழுதிவைக்க விரும்புகிறோம். கல்லூரிக் கல்விக்கென நம் மக்களுக்கு அரசு வழங்கும் உதவித் தொகை எவ்வாறு தோன்றியது, அதனை ஆண்டுதோறும் இடையறாது பெறுவதற்குரிய நிபந்தனைகள் யாவை, அந்நிபந்தனைகளால் நம் பிள்ளைகள் எங்கே இடறி வீழ்கின்றனர் என்பதே அவ்வரலாறு.

உதவித் தொகையைப் பெறுதல் ஒரு நிலை. அதனைத் தக்கவைத்துக் கொள்ளுதல் பிறிதொரு நிலை. முதலாவதைப் பற்றி நாம் மேடைதோறும் பேசுகிறோம். இரண்டாவதைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. ஆயின், சங்கரன்கோவில் வட்டாரத்திலிருந்து கல்லூரிக்குச் சென்று பட்டம் பெறாமலே திரும்பிய இளைஞர் பலருக்கு இடம் கிடைத்திருந்தது. முதலாண்டில் பணமும் கிடைத்திருந்தது. இரண்டாம் ஆண்டிலோ மூன்றாம் ஆண்டிலோதான் கயிறு அறுந்தது. அது ஏன் அறுந்தது என்பதை ஆராய்வது இவ்விழாக் காலத்தில் நம் கடமையாகும்.

கல்விக் கதவு திறந்த காலம்

சென்னை மாகாணத்தில் நம் மக்களின் கல்வியை அரசு தன் பொறுப்பாக ஏற்கத் தொடங்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில்தான். செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராயிருந்த திரமென்கீர், ஒடுக்கப்பட்ட மக்களின் நிலை குறித்து விரிவானதோர் அறிக்கை எழுதினார். அதன் பயனாக 1892 ஆம் ஆண்டு நிலம் வழங்குவது பற்றிய ஆணையும், 1893 ஆம் ஆண்டு பிப்ரவரியில் பஞ்சமர் கல்வி பற்றிய ஆணையும் பிறந்தன. 1894 ஆம் ஆண்டு ஆல்காட் அவர்கள் சென்னையில் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். நெல்லைச் சீமையில் அதற்கு முன்னரே கிறித்தவத் திருச்சபையினர் சிற்றூர்தோறும் பள்ளிகளை நிறுவியிருந்தனர். அப்பள்ளிகள் பலவற்றின் வாயில் நம் முன்னோருக்கும் திறந்திருந்தது.

1920 ஆம் ஆண்டையொட்டித் தாழ்த்தப்பட்டோர் நலப் பணி தொழிலாளர் ஆணையரிடம் ஒப்படைக்கப்பட்டது. பள்ளி, விடுதி, குடிநீர்க் கிணறு, மனைப்பட்டா ஆகியவற்றோடு மாணவர் உதவித் தொகையும் அத்துறையின் பணியாயிற்று. சட்டமன்றத்தில் எம். சி. இராசா அவர்களும், பின்னர் இரட்டைமலை சீனிவாசன் அவர்களும் இடைவிடாது கேள்விகள் எழுப்பி அப்பணியை முடுக்கினர். ஆதிதிராவிடர் என்னும் பெயரை 1922 ஆம் ஆண்டு அரசு ஏற்றதும் இக்காலத்தில்தான். 1949 ஆம் ஆண்டில் இப்பொறுப்பு அரிசன நலத் துறைக்கு மாறியது. இன்று ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத் துறை என்னும் பெயரில் இயங்குவது அதன் தொடர்ச்சியே.

எனினும் அக்கால உதவிகளுள் மிகப் பெரும்பகுதி பள்ளிக் கல்வியோடு நின்றது. கல்லூரி என்பது நம் வட்டாரத்து மக்களுக்கு எட்டாக் கனியாகவே இருந்தது. சங்கரன்கோவிலிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால் திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் சென்றால்தான் கல்லூரியைக் காண இயலும். அங்கே தங்குவதற்கும் உண்பதற்கும் கூலிக் குடும்பத்தார் எங்கே போவர்? 1966 ஆம் ஆண்டில் மதுரைப் பல்கலைக்கழகமும், 1990 ஆம் ஆண்டில் திருநெல்வேலியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும் தோன்றின. அதன் பின்னரும் தொலைவு குறைந்ததே தவிர, செலவு குறையவில்லை.

உதவித் தொகை நின்றுபோன ஒரு மாணவர்

உதவித் தொகையின் வரலாற்றை எழுதுவோர் அண்ணல் அம்பேத்கர் அவர்களின் மாணவப் பருவத்தைக் கூறாமல் மேலே செல்லுதல் இயலாது. பம்பாயில் எல்பின்ஸ்டன் கல்லூரியில் அவர் பயின்றபோது பரோடா மன்னர் சாயாஜிராவ் கெயிக்வாட் திங்கள்தோறும் 25 ரூபாய் வழங்கினார். 1913 ஆம் ஆண்டு அண்ணல் அவர்கள் அமெரிக்கா சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோதும் அம்மன்னரே மூன்றாண்டுகளுக்கு உதவித் தொகை அளித்தார். படிப்பு முடிந்தபின் பத்தாண்டுகள் பரோடா அரசில் பணிபுரிய வேண்டும் என்பது அதற்குரிய நிபந்தனை.

1916 ஆம் ஆண்டு அவர் இலண்டன் பொருளியல் கல்லூரியில் சேர்ந்து ஆராய்ச்சியைத் தொடங்கினார். ஆராய்ச்சி முடியுமுன்னரே 1917 ஆம் ஆண்டில் உதவித் தொகைக் காலம் முடிவுற்றது. படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு அவர் தாயகம் திரும்ப நேர்ந்தது. ஆயின் புறப்படுமுன், நான்காண்டுகளுக்குள் திரும்பி வந்து படிப்பைத் தொடரலாம் என்னும் அனுமதியைப் பல்கலைக்கழகத்திடமிருந்து பெற்றுக்கொண்டே புறப்பட்டார். பரோடாவில் பணியேற்றபோது தங்குவதற்கு ஓர் இடமும் கிட்டாமல் இழிவுபடுத்தப்பட்டார். பின்னர்ப் பம்பாயில் சைடனம் கல்லூரியில் பேராசிரியராகப் பணியாற்றிப் பணம் சேர்த்தார். கோலாப்பூர் மன்னரின் உதவியும் நண்பரிடம் பெற்ற கடனும் துணைநிற்க, 1920 ஆம் ஆண்டு மீண்டும் இலண்டன் சென்றார். 1921 இல் முதுநிலைப் பட்டமும் 1923 இல் டி.எஸ்சி. பட்டமும் பெற்றார். அந்த ஆய்வேட்டையும் தேர்வாளர்கள் முதலில் ஏற்கவில்லை. திருத்தி மீண்டும் அளித்த பின்னரே ஏற்றனர்.

இவ்வரலாற்றில் நம் இளைஞர்கள் கருத்திற்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. பணம் நின்றபோது அவர் தம் பெயரைக் கல்லூரிப் பதிவேட்டிலிருந்து அழிந்துபோக விடவில்லை. திரும்பி வருவதற்கான வழியை எழுத்தில் பெற்றுக்கொண்டார். விதியை அறிந்தவர் மட்டுமே அவ்வாறு செய்தல் கூடும்.

1944 ஆம் ஆண்டின் திட்டம்

1942 ஆம் ஆண்டு சூலையில் அண்ணல் அவர்கள் அரசப் பிரதிநிதியின் நிர்வாக சபையில் தொழிலாளர் நல உறுப்பினராகப் பொறுப்பேற்றார். அவ்வாண்டு அக்டோபரில் தாழ்த்தப்பட்ட மக்களின் குறைகளை விரிவாக எடுத்துரைத்து அரசப் பிரதிநிதியிடம் ஒரு விண்ணப்பம் அளித்தார். காசி இந்துப் பல்கலைக்கழகத்துக்கும் அலிகர் முசுலிம் பல்கலைக்கழகத்துக்கும் ஆண்டுதோறும் இலட்சக்கணக்கில் மானியம் வழங்கும் அரசு, தாழ்த்தப்பட்டோரின் உயர் கல்விக்கு ஒன்றும் வழங்காதிருப்பது முறையா என்பது அவர் எழுப்பிய வினாக்களுள் ஒன்று.

அவ்வினாவுக்கு விடையாக வந்ததே, மெட்ரிக் மேற்படிப்பு உதவித் தொகைத் திட்டம். ஆண்டுக்கு மூன்று இலட்சம் ரூபாய் வீதம் ஐந்தாண்டுகளுக்கு என 1944 ஆம் ஆண்டில் அது தொடங்கப்பெற்றது. முதலாண்டில் இந்தியா முழுவதிலும் அதனைப் பெற்றோர் நூறைச் சிறிது தாண்டிய எண்ணிக்கையினரே. 1948-49 இல் பழங்குடி மாணவருக்கும் அது விரிவுபடுத்தப்பட்டது. 1959-60 முதல் அதனை நடத்தும் பொறுப்பு மாநில அரசுகளிடம் ஒப்படைக்கப்பட்டது. அன்றுதொட்டு விண்ணப்பம் தில்லி செல்ல வேண்டிய நிலை மாறி, கல்லூரி முதல்வர் வழியாக மாநிலத்தின் அலுவலர்களைச் சென்றடைகிறது.

இன்று அத்திட்டம் நாட்டின் மிகப் பெரிய கல்வி உதவித் திட்டங்களுள் ஒன்றாக வளர்ந்துள்ளது. தமிழ்நாட்டில், நம் இனத்திலிருந்து கிறித்தவ சமயம் தழுவியோரின் பிள்ளைகளுக்கும் மாநில அரசு தன் நிதியிலிருந்து உதவி அளித்து வருவது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது.

புதுப்பித்தலுக்குரிய நிபந்தனைகள்

இத்திட்டத்தின் விதிகளை ஒருமுறையேனும் முழுதும் படித்தவர் நம்மிடையே மிகக் குறைவு. ஆகவே, 2010 ஆம் ஆண்டில் திருத்தி வெளியிடப்பட்ட விதிகளில் தேர்ச்சி பற்றியும் தொடர்ச்சி பற்றியும் கூறப்பட்டவற்றை எளிய முறையில் கீழே தருகிறோம்.

முதலாவது, ஒருமுறை வழங்கப்பட்ட உதவித் தொகை அப்படிப்பு முடியும்வரை செல்லுபடியாகும். நன்னடத்தையும் ஒழுங்கான வருகையும் வேண்டும். ஒவ்வோராண்டும் அடுத்த வகுப்புக்கு மாற்றம் பெற்றால் அது புதுப்பிக்கப்படும். அத்தேர்வைப் பல்கலைக்கழகம் நடத்தினாலும் கல்லூரி நடத்தினாலும் வேறுபாடில்லை.

இரண்டாவது, மருத்துவம், பொறியியல் போன்ற முதற் பிரிவுப் படிப்புகளில் ஒருவர் முதன்முறை தோல்வியுற்றால் உதவித் தொகையைப் புதுப்பிக்கலாம். இரண்டாம் முறையும் தோல்வியுற்றால், அடுத்த வகுப்புக்கு மாற்றம் பெறும்வரை அவர் தம் செலவிலேயே படித்தல் வேண்டும். மாற்றம் பெற்ற பின் உதவி மீண்டும் தொடரும். தோல்வியோடு எல்லாம் முடிந்தது என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பிய மாணவர்க்கு இவ்விதியை எடுத்துரைப்பார் இல்லாமற்போனது வருந்தத்தக்கது.

மூன்றாவது, நோயினாலோ எதிர்பாராத வேறு நிகழ்ச்சியினாலோ ஆண்டுத் தேர்வு எழுத இயலாமற்போனால், மருத்துவச் சான்றோ தக்க வேறு சான்றோ அளிக்க வேண்டும். தேர்வு எழுதியிருந்தால் இவர் தேர்ச்சி பெற்றிருப்பார் என்று கல்லூரி முதல்வர் சான்றளித்தால் அடுத்த ஆண்டுக்கும் உதவி தொடரும்.

நான்காவது, கீழ்வகுப்பில் சில பாடங்களில் தேர்ச்சி பெறாத போதிலும், பல்கலைக்கழக விதிப்படி மேல்வகுப்புக்கு மாற்றப்பட்டவர், அம்மேல்வகுப்புக்குரிய உதவித் தொகையைப் பெற உரியவராவார். அரியர் வைத்திருக்கும் நம் மாணவர் அனைவரும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டிய விதி இது. அரியர் இருந்தால் உதவித் தொகை கிடையாது என்று யாரேனும் வாய்மொழியாகக் கூறினால் அதனை நம்பி விண்ணப்பிக்காமல் இருந்துவிடலாகாது.

ஐந்தாவது, முன் அனுமதியின்றிப் பாடத்தையோ கல்லூரியையோ மாற்றிக்கொண்டால் உதவித் தொகையை நீக்கம் செய்யலாம். ஆண்டின் இடையில் படிப்பை நிறுத்திவிட்டால், பெற்ற தொகையைத் திருப்பிச் செலுத்துமாறு அரசு கேட்கலாம். ஒரு நிலையில் ஒரு பட்டம் பெற்றபின், அதே நிலையில் வேறு பாடத்தில் மீண்டும் பட்டப்படிப்பு மேற்கொண்டால், எடுத்துக்காட்டாக பி.ஏ. முடித்தபின் பி.காம். சேர்ந்தால், உதவி கிட்டாது.

ஆறாவது, தம் குற்றத்தினால் முன்னேற்றம் காட்டாதவர், அனுமதியின்றி வகுப்புக்கு வாராதவர், வேலைநிறுத்தத்தில் ஈடுபட்டவர் எனக் கல்லூரி முதல்வர் அறிக்கை அளித்தால், உதவித் தொகையை நிறுத்திவைக்கவோ நீக்கவோ அலுவலர்க்கு அதிகாரம் உண்டு.

இவ்வாறு விதிகளை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது ஓர் உண்மை புலனாகிறது. இவற்றுள் முதல் நான்கும் மாணவரைக் கரைசேர்ப்பதற்காக எழுதப்பட்டவை. தோல்வி, நோய், அரியர் ஆகிய மூன்று இடர்களையும் இத்திட்டத்தை வகுத்தோர் எதிர்நோக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வழியைத் திறந்து வைத்துள்ளனர். பின்னிரண்டு விதிகள் மட்டுமே தண்டிப்பவை. ஆனால் நம் ஊர்களில் தண்டிக்கும் விதிகள் மட்டுமே செவிவழியாகப் பரவியுள்ளன. காக்கும் விதிகள் காகிதத்திலேயே உறங்குகின்றன.

வருகைப் பதிவேடும் கூலி வேலையும்

இக்காலப் பருவத் தேர்வு முறையில், அரியர் இருந்தாலும் மாணவர் பெரும்பாலும் மேல்வகுப்புக்குச் சென்றுவிடுகிறார். ஆதலின் நம் பிள்ளைகளை வீழ்த்துவது தேர்வுத் தாளைக் காட்டிலும் வருகைப் பதிவேடே. தேர்வு எழுதுவதற்குப் பொதுவாக நூற்றுக்கு 75 விழுக்காடு வருகை வேண்டும். ஒரு பருவத்துக்கு 90 வேலை நாட்கள் எனக் கொள்வோம். அதில் 22 நாட்கள் வரை வராமல் இருக்கலாம்.

இதனை நம் வட்டார வாழ்க்கையோடு பொருத்திப் பார்ப்போம். வாரத்துக்கு ஐந்து நாள் வகுப்பு என்றால் 90 நாட்கள் 18 வாரங்களாகும். வாரத்துக்கு ஒரே ஒரு நாள் விசைத்தறிக்கோ, பருத்தி எடுப்புக்கோ, மிளகாய் பறிப்புக்கோ, தீபாவளிக்கு முன் சிவகாசிப் பக்கம் பட்டாசு வேலைக்கோ சென்றால், அதிலேயே 18 நாட்கள் கழிந்துவிடும். எஞ்சியவை நான்கே நாட்கள். வீட்டில் ஒரு துக்கம், ஒரு காய்ச்சல், பேருந்துக் கட்டணம் இல்லாத இரு நாட்கள் என அவையும் தீர்ந்துபோகும். அம்மாணவர் சோம்பேறியும் அல்லர், அறிவிலியும் அல்லர். கூலிக்குச் சென்ற நாளெல்லாம் படிப்பைத் தொடர்வதற்கே அவர் உழைத்தார். ஆயினும் பதிவேட்டில் அவர் வராதவரே. வருகை குறைந்தால் தேர்வு இல்லை. தேர்வு இல்லையேல் மாற்றம் இல்லை. மாற்றம் இல்லையேல் புதுப்பித்தல் இல்லை.

நம் பெண்மக்களின் நிலை இதனினும் கடிது. ஆண்பிள்ளையின் உதவித் தொகை நின்றால் அவன் வேலைக்குச் சென்று ஓராண்டு கழித்தேனும் திரும்பக் கூடும். பெண்பிள்ளையின் உதவித் தொகை நின்றால் வீட்டில் திருமணப் பேச்சு தொடங்கிவிடும். அதன்பின் அவள் கல்லூரி திரும்புதல் அரிது. 2022 ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி பெறும் பெண்களுக்குத் திங்கள்தோறும் 1,000 ரூபாய் வழங்க வகை செய்தது. வேறு உதவித் தொகை பெறுவோரும் அதனைப் பெறலாம். இதனை அறியாமல் இழந்தோர் நம் ஊர்களில் இருத்தலாகாது.

அரசு செலுத்த வேண்டிய கடன்

தேர்ச்சி என்பது மாணவரின் கடமை. உரிய காலத்தில் பணம் தருவது அரசின் கடமை. முதலாவது கடமை தவறினால் என்ன நேரும் என்பது விதியில் எழுதப்பட்டுள்ளது. இரண்டாவது கடமை தவறினால் மாணவர்க்கு என்ன பரிகாரம் என்பதற்கு விதியில் ஒரு வரியும் இல்லை.

ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் இவ்வுதவித் தொகைக்கு ஒரு கணக்கு முறை இருந்தது. ஒரு திட்டக் காலத்தின் இறுதியாண்டில் ஒரு மாநிலத்தில் எவ்வளவு செலவாயிற்றோ, அத்தொகை அளவுக்கு அடுத்த திட்டக் காலம் முழுதும் அம்மாநிலமே ஆண்டுதோறும் ஏற்க வேண்டும். அதற்கு மேற்பட்ட தொகையை மட்டுமே நடுவணரசு வழங்கும். நல்ல முறையில் திட்டத்தை நடத்தி மிகுதியான மாணவரைச் சேர்த்த மாநிலமே மிகுதியான சுமையை ஏற்கும்படியாயிற்று. பன்னிரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் 2017 இல் முடிவுற்றபின் நடுவணரசின் பங்கு மிகவும் சுருங்கியது. 2017-18 முதல் 2019-20 வரை அப்பங்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,100 கோடி ரூபாயாகவே இருந்தது.

நாடெங்கும் எழுந்த குரலின் பின், 2020 ஆம் ஆண்டு டிசம்பர் 23 ஆம் நாள் நடுவண் அமைச்சரவை அம்முறையைக் கைவிட்டது. ஐந்தாண்டுகளுக்கு மொத்தம் 59,048 கோடி ரூபாய் என்றும், அதில் 60 விழுக்காடாகிய 35,534 கோடி ரூபாயை நடுவணரசும் எஞ்சியதை மாநில அரசுகளும் ஏற்பதென்றும் முடிவு செய்யப்பட்டது. நடுவணரசின் பங்கு மாணவரின் வங்கிக் கணக்குக்கே நேராகச் செல்லும் முறை 2021-22 முதல் வந்தது. கல்லூரியில் சேரும்போதே கட்டணம் செலுத்த இயலாத மாணவர்க்குக் கட்டணமில்லாச் சேர்க்கை அட்டை வழங்கவும் புதிய விதிகள் இடமளித்தன. உதவித் தொகை வந்தவுடன் கல்லூரிக் கட்டணத்தை மாணவர் செலுத்திவிடல் வேண்டும். வங்கிக் கணக்குக்கு வரும் பணம் முழுதும் வீட்டுச் செலவுக்குரியதென எண்ணிவிட்டால், ஆண்டிறுதியில் தேர்வு நுழைவுச் சீட்டுப் பெறுவதில் இடையூறு நேரும் என்பதைப் பெற்றோர் உணர வேண்டும்.

தொகையின் அளவையும் நோக்குவோம். வீட்டிலிருந்து சென்று பயிலும் கலை, அறிவியல் பட்ட வகுப்பு மாணவர்க்குக் கல்விக் கட்டணம் நீங்கலாக வழங்கப்படும் படி, 2010 ஆம் ஆண்டில் திங்களுக்கு 300 ரூபாய். பத்து மாதங்களுக்கு 3,000 ரூபாய். 2021 ஆம் ஆண்டின் புதிய விதியிலும் அது ஆண்டுக்கு 3,000 ரூபாயே. பதினோராண்டுகளில் பேருந்துக் கட்டணம் ஏறியது. நூல் விலை ஏறியது. உணவு விலை ஏறியது. அப்படி மட்டும் ஏறவில்லை. முன்னேற்றம் காட்டுக என்று மாணவரிடம் கேட்கும் திட்டம், தானும் முன்னேற வேண்டாவா?

பணம் தாமதமாவதன் விளைவு எத்துணைக் கொடியதாகலாம் என்பதை 2016 ஆம் ஆண்டு சனவரியில் நாடு கண்டது. ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவர் ரோகித் வெமுலா மறைந்தபோது, ஏழு மாத உதவித் தொகை தமக்கு வரவேண்டியுள்ளது என்றும், அது தம் குடும்பத்தாரைச் சேர வேண்டும் என்றும் இறுதிக் கடிதத்தில் எழுதியிருந்தார். அவர் பெற்றது வேறு திட்டத்தின் கீழான ஆராய்ச்சி உதவித் தொகை. விடுதியினின்று வெளியேற்றப்பட்டது முதலாகப் பிற கொடுமைகளும் அவரைச் சூழ்ந்திருந்தன. எனினும், உதவித் தொகையை நம்பி வாழும் மாணவர்க்கு அது நிற்பது உணவு நிற்பதேயாம் என்பதற்கு அக்கடிதம் அழியாச் சான்று.

பிற நாட்டார் செய்வது

தேர்ச்சி நிபந்தனை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க நாட்டில் 1965 ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டத்தின் கீழ் வழங்கப்படும் உதவிகளுக்கும் அத்தகைய நிபந்தனை உண்டு. மாணவர் குறிப்பிட்ட தரத்தைப் பேண வேண்டும். எடுத்துக்கொண்ட பாடங்களில் போதிய பகுதியை முடித்துச் செல்ல வேண்டும். நான்காண்டுப் படிப்பை ஆறாண்டுகளுக்குள், அஃதாவது ஒன்றரை மடங்குக் காலத்துக்குள், முடிக்க வேண்டும்.

ஆனால் அங்கே உதவி உடனே அறுந்துவிடுவதில்லை. முதலில் எச்சரிக்கை தந்து ஒரு பருவம் உதவியைத் தொடரக் கல்லூரிக்கு விதி இடமளிக்கிறது. மேல்முறையீட்டை ஏற்கும் கல்லூரிகளில், உறவினர் மறைவு, நோய், வேறு தனி இடர் ஆகியவற்றைக் காட்டி மாணவர் விண்ணப்பிக்கலாம். ஏன் தவறினேன், இப்போது என்ன மாறியுள்ளது என்று அவர் எழுத வேண்டும். ஏற்கப்பட்டால் நன்னிலைக்குத் திரும்ப ஒரு கால வரையறை தரப்படும்.

அந்நாட்டு முறை குறையற்றது என்று நாம் கூறவில்லை. ஆயினும் தண்டிப்பதற்கு முன் கேட்பது என்னும் நெறி அதில் உள்ளது. நம் விதிகளில் முதல்வரின் அறிக்கைக்கு இடம் உண்டு. மாணவரின் மறுமொழிக்கு இடம் குறிக்கப்படவில்லை. வேலைநிறுத்தத்தில் ஈடுபட்டார் என்னும் ஒரு சொல்லால் உதவித் தொகை நிற்கக்கூடும் எனில், அம்மாணவரை அழைத்து விளக்கம் கேட்கும் முறையும் எழுத்தில் இருத்தல் வேண்டும். பணம் தாமதமான பருவத்தில் வருகை குறைந்தால் அதனை மாணவரின் குற்றமாகக் கொள்ளலாகாது என்னும் விதியும் வேண்டும். இவ்விரண்டையும் கோரி நம் சட்டமன்ற உறுப்பினர் வழியாகவும் துறை அலுவலர் வழியாகவும் அரசுக்கு விண்ணப்பித்தல் நம் சங்கத்தின் அடுத்த பணியாக அமையலாம். சங்கரன்கோவில் தனித் தொகுதி என்பது இதற்குப் பயன்படாமல் வேறு எதற்குப் பயன்படும்?

நாம் செய்ய வேண்டியவை

அரசை வேண்டுவது ஒருபுறம் இருக்க, நம் கையால் ஆகும் பணிகளும் உள்ளன.

நம் ஊர்களில் கல்லூரி செல்லும் ஒவ்வொரு மாணவர்க்கும் சங்கத்தில் ஒரு பதிவு வைப்போம். அவர் எப்படிப்பு, எவ்வாண்டு, எப்போது புதுப்பிக்க வேண்டும், வருமானச் சான்று உள்ளதா, வங்கிக் கணக்கு ஆதாரோடு இணைந்துள்ளதா என்பவை அதில் இருக்கட்டும். ஆடித்தபசுக்கு ஊர் கூடும் நாட்களில் உறவினர் அனைவரும் சங்கரன்கோவிலுக்கு வருகின்றனர். கல்லூரிகள் திறந்து சில வாரங்களே ஆகியிருக்கும் அக்காலத்தில், ஒரு நாள் அமர்ந்து சான்றிதழ்களைச் சரிபார்த்தால் எத்தனையோ விண்ணப்பங்கள் காலத்தே சென்றடையும்.

அரியர் வைத்துள்ள மாணவர்க்குப் படித்து முடித்த மூத்த மாணவர் மாலையில் பாடம் சொல்லித் தரலாம். பணம் வரும்வரை பேருந்துக் கட்டணத்துக்கும் தேர்வுக் கட்டணத்துக்கும் கைமாற்றாகத் தருவதற்குச் சங்கத்தில் ஒரு சிறு நிதி ஒதுக்கலாம். உதவித் தொகை வந்ததும் மாணவர் அதனைத் திருப்பித் தருவார். அந்நிதி ஒரு பருவத்தில் நான்கு பேரின் வருகையைக் காத்தாலும், நான்கு பட்டங்களைக் காத்ததற்கு ஒப்பாகும்.

நோயுற்ற மாணவர் குணமான பின் மருத்துவச் சான்று தேடி அலைதல் வீண். நோயுற்ற நாளிலேயே அரசு மருத்துவமனைச் சீட்டைப் பாதுகாத்தல் வேண்டும். துறைத் தலைவரிடம் எழுத்தில் விடுப்பு விண்ணப்பம் அளித்து, அதன் படி ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். வாய்மொழியாகக் கூறியதற்கு அலுவலகத்தில் மதிப்பில்லை. உதவித் தொகை மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். காரணம் எழுத்தில் வந்தால்தான் அதற்கு மறுமொழி எழுத இயலும். விதிகளும் அவ்வப்போது திருத்தப்படுவதால், ஒவ்வோராண்டும் அவ்வாண்டின் அறிவிப்பைப் படித்தே செயற்பட வேண்டும்.

அன்பார்ந்த இளைஞர்களே! இவ்வுதவித் தொகையை எவரோ இரங்கி இட்ட பிச்சையாகக் கருதித் தலைகுனிய வேண்டா. நிலத்தையும் கல்வியையும் நூற்றாண்டுகளாக மறுத்த சமுதாயம் நமக்குத் திருப்பிச் செலுத்தும் கடனின் சிறு பகுதியே அது. அக்கடனைக் கேட்டுப் பெறுவதற்கு அண்ணல் அம்பேத்கரும், எம். சி. இராசாவும், இரட்டைமலை சீனிவாசனும் தம் வாழ்நாளைச் செலவிட்டனர். 1944 இல் நூறு பேர் அளவில் பெற்ற அவ்வுரிமையை இன்று இலட்சக்கணக்கானோர் பெறுகின்றனர். அது ஒவ்வோராண்டும் நம் கையொப்பத்தோடும் நம் வருகையோடும் நம் தேர்ச்சியோடும் புதுப்பிக்கப்பட வேண்டிய உரிமை. ஓராண்டு நாம் அயர்ந்தால் அது நழுவும். நழுவினாலும் திரும்பப் பெறுவதற்கு விதியில் வழியுண்டு என்பதை மறவாதீர்.

வெள்ளி விழாக் காணும் நம் சங்கம் பொன் விழாக் காணும் நாளில், நம் வட்டாரத்தில் பணம் நின்றதால் படிப்பை நிறுத்தியவர் ஒருவரும் இலர் என்று எழுதும் பேறு அடுத்த தலைமுறைக்கு வாய்ப்பதாக! அதற்கான பணியை இன்றே தொடங்குவோம்.